சுண்டுவிரல் இல்லாதவனின் பெயர்

எங்கள் வீட்டுப் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. வெட்கத்தால் அல்ல. அது ஒரு ஜெர்மன் பெயர். அந்த நாட்டிலேயே அதை வைத்திருப்பவர்கள் மிகவும் குறைவு. இந்தியாவில் நாங்கள் ஒரே ஒரு குடும்பம். எழுதிவிட்டால் யார், எந்தத் தெரு, எந்தச் சபை என்று விசாரித்து மறுநாளே கதவைத் தட்டிவிடுவார்கள். அவர்களுக்கு எழுந்துபோய்க் கதவைத் திறக்கும் பொறுமை எனக்கு இல்லை.

ஐம்பதுகளில் கிருஷ்ணகிரி, சேலம் ஜில்லாவில் இருந்தது. ஓசூரில் இன்று கம்பெனிகள் நிற்கும் இடமெல்லாம் அன்று ராகியும் கொள்ளும் விளைந்த காடு. அப்பா கிருஷ்ணகிரியில் மிஷன் பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியர். சபைக் கோயிலுக்குப் பின்னால் இருந்த ஓட்டு வீட்டில் அப்பா, அம்மா, தாத்தா, நான், தம்பி என்று ஐந்து பேர் இருந்தோம். வீட்டில் ஆறாவதாக ஓர் ஆள் மாதிரி அந்தப் பெயரும் இருந்தது. அதற்குத்தான் நல்ல நாற்காலி.

பெயரை எப்படிச் சொல்ல வேண்டும் என்று அப்பா எங்களுக்குப் பழக்கியிருந்தார். நடுவில் ஓர் இடத்தில் தொண்டையில் மீன்முள் சிக்கிக்கொண்டது போலச் செருமிச் சொல்ல வேண்டும். குந்தாரப்பள்ளி சந்தைக்குப் போனால் மாட்டுத் தரகர்கள் அதைச் சொல்லிப் பார்த்துத் தோற்றுப்போய், தெலுங்கில் "தொரகாரு வச்சேசினாரு", துரை வந்துவிட்டார் என்று அப்பாவுக்கு வழிவிடுவார்கள். அது கிண்டல் என்று எனக்குப் பத்து வயதிலேயே தெரியும். அப்பாவுக்குக் கடைசி வரை தெரியவில்லை. அல்லது தெரிந்தும் வாங்கிக்கொண்டார்.

அந்தப் பெயரால் எங்களுக்கு ஒரு பெரிய லாபம் இருந்தது. எங்கள் பக்கத்தில் பெயரைக் கேட்பவர்கள் அதோடு நிறுத்துவதில்லை. எந்த ஊர், எந்தப் பக்கம் வீடு, யார் வகையறா என்று கேள்வி இறங்கிக்கொண்டே போய் ஓர் இடத்தில் நிற்கும். நின்றதும், கையில் கொடுக்க வந்த தம்ளர் கீழே வைக்கப்படும். எங்கள் பூர்வீகம் ஊருக்கு வெளியே ஏரிக்கரைக்குக் கீழே. அப்பா தன் பெயரைச் செருமிச் சொன்னதும் கேட்டவர் குழம்பி வாயை மூடிக்கொள்வார். அடுத்த கேள்வி வராது. அந்த அடுத்த கேள்வி வராமல் இருப்பதற்காக அப்பா எதையும் செய்வார் என்று அப்போது எனக்குத் தெரியாது.

பெயர் வந்த கதையை அப்பா இப்படிச் சொல்வார். முதன்முதலில் இங்கே வந்த ஜெர்மன் பாதிரியாருக்குப் பிள்ளை இல்லை. அநாதையாக வந்த தாத்தாவின் முகத்தைப் பார்த்ததும் மனசு இளகித் தன் பெயரையே எழுதி வைத்துவிட்டார். பெயருக்கு அர்த்தம், கோட்டையை ஆண்டவன். இந்த இடத்தில் அப்பா ஜன்னல் வழியாக மலைக்கோட்டையைக் கைகாட்டுவார், ஏதோ அதையும் பாதிரியார் எங்களுக்கு எழுதி வைத்துவிட்டுப் போன மாதிரி.

தாத்தா அந்தக் கதையை ஒருநாளும் சொன்னதில்லை. மிஷன் பங்களாவில் நாற்பது வருஷம் சமையல் வேலை பார்த்து ஓய்ந்தவர். அப்பா கதையை ஆரம்பித்தால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விடுவார். அவரிடம் இன்னொரு வழக்கம் இருந்தது. ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை எல்லோரும் தங்கள் தங்கள் கல்லறைகளுக்கு வெள்ளையடிப்பார்கள். தாத்தா பாட்டியின் கல்லறையை முடித்துவிட்டு, மூலையில் எழுத்தில்லாத ஒரு சின்னக் கல்லறைக்கும் அடிப்பார். "அது யாரு தாத்தா?" என்று கேட்டால், "ஒரு புள்ள" என்பார். மிஷன் விடுதியில் செத்துப்போன ஏதோ ஒரு குழந்தை என்று நானும் விட்டுவிட்டேன்.

எனக்குப் பத்தொன்பது வயது நடந்தபோது ஜெர்மனியிலிருந்து கடிதம் வந்தது. நான் எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். நர்ஸ் ஆக வேண்டும் என்பது என் பிடிவாதம். விண்ணப்பித்த இடத்திலெல்லாம் இல்லை என்று பதில் வந்திருந்தது. அம்மா மாப்பிள்ளை பேச்சை எடுக்க ஆரம்பித்திருந்தாள்.

எழுதியவர் ஒரு பெண்மணி. எங்கள் பெயர்தான் அவருக்கும். ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ் மாணவிகளுக்குத் தலைமை ஆசிரியை. இங்கிலீஷில் எழுதியிருந்தார். இந்தப் பெயர் எங்கள் நாட்டில் ஒரே ஓர் ஊரைச் சுற்றித்தான் உண்டு, யுத்தத்தில் ஆண்பிள்ளைகள் பலர் போய்விட்டார்கள், மிச்சம் இருக்கிறவர்களை எல்லாம் தேடி ஒரு புத்தகமாகத் தொகுக்கிறேன். உங்கள் பக்கத்திலிருந்து ஓய்வுபெற்று வந்த ஒரு பாதிரியார் கிருஷ்ணகிரியில் ஒரு தலைமை ஆசிரியருக்கு இதே பெயர் என்று சொன்னார், என்னால் நம்ப முடியவில்லை. இப்படி எழுதிவிட்டு, கீழே எங்கள் பெயரின் உண்மைக் கதையையும் எழுதியிருந்தார்.

அவருடைய தாத்தாவின் அண்ணன் பிள்ளை இல்லாமல் இறந்துபோனார். அவர் மனைவி, புருஷன் பெயர் தன்னோடு முடிந்துபோகக் கூடாது என்று நினைத்தார். மிஷனுக்கு எழுதி, ஓர் அநாதைப் பையனை என் செலவில் வளருங்கள், ஆனால் என் புருஷனின் பெயரை முழுசாக, குடும்பப் பெயரோடு சேர்த்து அவனுக்கு வையுங்கள் என்று கேட்டார். வழக்கமாக இப்படி உதவுகிறவர்கள் முதல் பெயரை மட்டும்தான் வைக்கச் சொல்வார்களாம். இவர் குடும்பப் பெயரையும் கொடுத்தார். பையனைப் பற்றி வருஷா வருஷம் இங்கிருந்து அவருக்குக் கடிதம் போயிருக்கிறது. அந்தக் கட்டு இப்போது தன்னிடம் இருப்பதாகவும், ஞானஸ்நானப் பதிவேட்டில் உள்ளதை நகலெடுத்து அனுப்பினால் புத்தகத்தில் எங்களையும் சேர்ப்பதாகவும் எழுதியிருந்தார்.

ஆக, எந்தப் பாதிரியாரும் தன் பெயரைத் தரவில்லை. நான் அப்பா முகத்தைப் பார்த்தேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "அதத்தான நானும் சொல்லிக்கிட்டு வரன்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அன்று அவர்மேல் எனக்குப் பிரியம் குறையவே இல்லை.

கடிதத்தின் கடைசி வரியில்தான் என் உயிர் இருந்தது. உங்கள் வீட்டில் பெண்பிள்ளைகள் உண்டா, எங்கள் ஆஸ்பத்திரியில் வெளிநாட்டு மாணவிகளைச் சேர்க்கப் போகிறோம், நம் பெயருள்ள பெண் ஒருத்தி வந்தால் எனக்குச் சந்தோஷம் என்று முடித்திருந்தார். அதுவரை நர்ஸ் வேலை என்றாலே முகம் சுளித்த அப்பா, அன்று சாயங்காலம் அம்மாவிடம், "நம்ம பாப்பா ஜெர்மனிக்குப் போவுது" என்று முடிவாகச் சொல்லிவிட்டார்.

பதிவேட்டை நகலெடுக்கும் வேலை எனக்கு வந்தது. வீட்டில் நல்ல கையெழுத்து என்னுடையதுதான். அப்பா சபையில் மூப்பர் என்பதால் பாதிரியார் மறுபேச்சில்லாமல் அலமாரிச் சாவியைக் கொடுத்தார். கறையான் தின்ற தடித்த புத்தகம். நம்பர், பெயர், வயது, ஊர், யார் தயவில் வளர்கிறவன் என்று பத்தி பத்தியாகப் பிரித்திருந்தது. எங்கள் பெயர் சீக்கிரமே கிடைத்தது: ஐந்து வயதுப் பையன், வேப்பனப்பள்ளி, ஜெர்மனியில் இன்ன அம்மாவின் தயவில். தாத்தாவின் ஊர் குந்தாரப்பள்ளிப் பக்கம் என்றல்லவா கேள்விப்பட்டிருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டே பக்கத்தைப் புரட்டினேன்.

இரண்டு வருஷம் தள்ளி அதே பெயர் மறுபடியும் இருந்தது. முதல் பெயர், குடும்பப் பெயர், தயவு செய்யும் அம்மா எல்லாம் ஒன்றே. வயது ஏழு. ஊர் குந்தாரப்பள்ளி. அந்த வரியில் முதலில் வேறொரு பெயர் எழுதி, அதைக் கோடு போட்டு அடித்திருந்தார்கள். கோட்டுக்குக் கீழே அது இன்னும் தெரிந்தது. நம் பக்கத்துச் சாதாரணப் பெயர்தான், சந்தையில் கூப்பிட்டால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். என் தாத்தாவின் சொந்தப் பெயரை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன்.

அடக்கப் பதிவேட்டையும் எடுத்துப் பார்த்தேன். முதல் பையன் ஏழு வயதில் காலராவில் இறந்திருந்தான். அவனைப் புதைத்து மூன்று வாரத்தில் தாத்தாவுக்கு ஞானஸ்நானம். அதே வயதில் இன்னொரு பையன் கிடைத்திருக்கிறான்; பெயரைக் கழற்றி இவனுக்குப் போட்டுவிட்டார்கள். ஜெர்மனி அம்மாவுக்கு எதையும் சொல்லவில்லை. சொன்னால் அந்த அம்மா மனசு ஒடிந்துபோவார் என்று நினைத்தார்களோ, கையை இழுத்துக்கொள்வார் என்று நினைத்தார்களோ, தெரியாது. எனக்கு மூலையில் இருந்த அந்தச் சின்னக் கல்லறை ஞாபகம் வந்தது.

வீட்டுக்கு ஓடினேன். அப்பா பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தார். மூச்சு வாங்கச் சொன்னேன். அவர் தலை நிமிரவில்லை.

"தெரியும்" என்றார். "நான் சபைக்குக் கணக்கனா வந்த வருஷமே பாத்துட்டன்."

"அப்பறம் ஏம்ப்பா அந்தக் கத?"

"ரெண்டாவது ஆளுன்னு தெரிஞ்சா அது எரவல் பேரு ஆயிடும்மா. அந்தம்மா புஸ்தகத்துல சேக்குமா? பேரு எங்களது, குடுங்கன்னு சொல்லிட்டா நாம எங்க போய் நிக்கறது? மறுபடியும் ஏரிக்குக் கீழயா?"

பிறகு நிதானமாகச் சொல்லித் தந்தார். ஒரே பதிவாக எழுத வேண்டும். தேதியும் ஊரும் முதல் பையனுடையது. அப்போதுதான் ஜெர்மனிக்குப் போன முதல் கடிதத்தோடு பொருந்தும். இரண்டாவது பதிவும் அடக்கமும் இல்லவே இல்லை. "எழுது. ஒன் நல்லதுக்கும் சேத்துத்தான்" என்றார்.

எழுதினேன். யாரும் என் கையைப் பிடித்து எழுதவைக்கவில்லை. அப்பா சொன்னார் என்பது பாதி. கப்பல் கண்ணில் தெரிந்தது என்பது மீதி. பதினைந்து நிமிஷத்தில் தாத்தாவுக்கு வேறு ஊரையும் வேறு வயதையும் கொடுத்து, செத்த பையனைச் சாகாதவனாக்கிவிட்டேன். பாதிரியார் அப்பாவை நம்பி, படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினார்.

மறு வருஷம் அந்த அம்மாவே வந்தார். பெங்களூரிலிருந்து ஒரு பாதிரியாரின் காரில் ஓசூர் வரை வந்து, அங்கிருந்து பஸ்ஸில் வருவதாக ஏற்பாடு. அப்பாவும் நானும் ஓசூருக்குப் போய்க் காத்திருந்தோம். ஐம்பது வயது இருக்கும். தடித்த காலணி, சாம்பல் நிற கவுன், கையில் ஒரு தோல்பை. என்னைக் கண்டதும் எங்கள் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டார். அப்பா பழக்கியதைவிட மென்மையாக, முள்ளே இல்லாமல் சொன்னார்.

பஸ்ஸில் அப்பா முன்னால் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். நானும் அந்த அம்மாவும் நடுவில். பெயருக்கு அர்த்தம் என்ன என்று கேட்டேன். கோட்டை என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் சிரித்துக்கொண்டே, சூளகிரி தாண்டி வந்த ஓர் ஏரியைக் காட்டி, கரைக்குக் கீழே நாணல் மண்டிக் கிடந்த சேற்றைச் சுட்டினார். "இது மாதிரி ஓர் இடம். சதுப்பு நிலத்துக்குப் பின்னால் குடியிருக்கிறவர்கள் என்று அர்த்தம். நல்ல நிலம் கிடைக்காத ஏழைகள் அங்கேதான் குடிசை போடுவார்கள். அதனால்தான் இந்தப் பெயர் ஒரே ஓர் ஊரில் மட்டும் இருக்கிறது. அந்தச் சேற்றை விட்டு யாரும் வெளியே போகவில்லை" என்றார்.

நான் வாய்விட்டுச் சிரித்தேன். அப்பா திரும்பிப் பார்த்து என்ன என்று கண்ணால் கேட்டார். ஒன்றுமில்லை என்று தலையாட்டினேன். அந்த ஒரு மணி நேரப் பயணம்தான் அந்தப் பெயரோடு நான் சந்தோஷமாக இருந்த நேரம். இந்த அம்மாவிடம் எதையும் மறைக்க வேண்டியதே இல்லை என்று தோன்றியது. பஸ்ஸிலேயே சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. தோல்பையிலிருந்து ஆஸ்பத்திரி விண்ணப்பத்தை எடுத்து, "உன் பெயரை மட்டும் இன்னும் எழுதவில்லை. உன் தாத்தாவைப் பார்த்த கையோடு எழுதலாம்" என்றார். வாயை மூடிக்கொண்டேன்.

வீட்டில் தாத்தாவுக்குச் சலவை வேட்டி கட்டி நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். அம்மா கதவுக்குப் பக்கத்தில் நின்றாள். தம்பி பள்ளிக்கூடம் போயிருந்தான். தாத்தாவுக்கும் அம்மாவுக்கும் இங்கிலீஷ் தெரியாது. அந்த அம்மாவுக்குத் தமிழ் தெரியாது. நடுவில் பிரம்பு மோடாவில் நான் உட்கார்ந்து இரண்டு பக்கமும் மாற்றிச் சொல்ல வேண்டும். அப்பா நின்றுகொண்டே இருந்தார்.

அந்த அம்மா குனிந்து தாத்தாவின் இடது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டார். கடைசியில் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தார். பிறகு பையிலிருந்து பழுப்பேறிய ஒரு கடிதத்தை எடுத்து எனக்கு இங்கிலீஷில் சொன்னார். "இங்கே வந்த பையனுக்கு இடது சுண்டுவிரல் இல்லை, கரும்பு ஆலையில் நசுங்கிவிட்டது என்று முதல் கடிதத்திலேயே எழுதியிருக்கிறார்கள். இவருக்கு விரல் இருக்கிறதே?"

அப்பா முகம் செத்துவிட்டது. நான் தாத்தாவிடம் அதைத் தமிழில் சொன்னேன். மாற்றிச் சொல்லியிருக்க முடியும். மாற்றாமல் சொன்னேன்.

தாத்தா பதறவில்லை. இந்தக் கேள்விக்காகவே உட்கார்ந்திருந்தவர் போலப் பேசினார்.

"அது அவன் வெரலும்மா. நான் அவன் இல்ல. அவன் காலராவுல பூட்டான், அப்பறம் வந்தவன் நானு. பேரு குடுத்த அந்தம்மா ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் கடுதாசி போடும். 'வெரலு இன்னும் வலிக்குதா கண்ணு'ன்னு கேட்டு எழுதும். மிஷன் தொரை படிச்சுக் காட்டுவாரு. 'வலிக்கலன்னு சொல்லு'ன்னு சொல்லுவாரு. நானும் வலிக்கலம்மான்னு சொல்லுவன். அத எழுதிப் போடுவாங்க. எனக்கு வெரல் இருக்குதுன்னு அந்தம்மாவுக்குக் கடைசி வரிக்கும் தெரியாது. சொல்லு பாப்பா. ஒண்ணு வுடாம சொல்லு."

ஒன்று விடாமல் சொன்னேன். "கண்ணு" என்ற சொல்லுக்கு இங்கிலீஷில் என்ன சொல்வதென்று தெரியாமல் கொஞ்சம் திக்கினேன். அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். தாத்தாவின் கையை விடவில்லை. "அப்படியானால் எங்கள் பெரிய பாட்டி ஒன்று என்று நினைத்துக்கொண்டு இரண்டு பிள்ளைகளை வளர்த்திருக்கிறார்" என்றார். "இரண்டு பேரையும் எழுத வேண்டும்." அவ்வளவுதான். அப்பா இருபது வருஷம் பயந்த விஷயம் அவ்வளவில் முடிந்துபோனது. பெயரை யாரும் திருப்பிக் கேட்கவில்லை.

பிறகு அவர் பையிலிருந்து ஆஸ்பத்திரி விண்ணப்பத்தை எடுத்து மடியில் வைத்துவிட்டு, நான் எழுதிய நகலையும் எடுத்தார். முத்திரையைப் பார்த்தார். "ஆனால் இதில் ஒருவர்தானே இருக்கிறார்? இதை எழுதியது யார்?"

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா பேசினார். இங்கிலீஷில், பள்ளிக்கூடத்து ஆண்டு விழாவில் பேசுவது போல நிறுத்தி நிறுத்திப் பேசினார். "மன்னிக்க வேண்டும் அம்மா. நகல் எடுத்தது என் மகள். உங்கள் நாட்டுக்கு வர வேண்டும் என்ற ஆசையில் இரண்டு பதிவையும் ஒன்றாக்கிவிட்டாள். எனக்கே இப்போதுதான் தெரிகிறது."

அறையில் ஐந்து பேர் இருந்தோம். அது மூன்று பேருக்குத்தான் புரிந்தது. அம்மா கதவோரம் சிரித்த முகமாக நின்றாள், வந்தவர்களிடம் கணவர் மரியாதையாகப் பேசுகிறார் என்று. தாத்தா சொல்லி முடித்த நிம்மதியில் இருந்தார்.

அந்த அம்மா என்னைப் பார்த்துக் கேட்டார். "அப்படியா?"

அப்பாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்த்தார். இல்லை என்று நான் சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். சபைப் பதிவேட்டுக்குப் பொய் நகல் எழுதச் சொன்ன தலைமை ஆசிரியரை மிஷன் ஒரு நாள்கூட வைத்திருக்காது. இந்த வீடும் மிஷன் வீடு. தம்பி படித்துக்கொண்டிருந்தான். இத்தனையும் அப்பாவுக்கும் தெரியும், தெரிந்துதான் பேசினார். நான் இல்லை என்று சொல்ல மாட்டேன் என்று கணக்குப் போட்டுப் பேசினார். என்னை அவ்வளவு நன்றாகத் தெரிந்தவர் வேறு யாரும் இல்லை.

"ஆமாம்" என்றேன்.

அந்த அம்மா கோபப்படவில்லை. நகலை மடித்தார். மடியில் இருந்த ஆஸ்பத்திரி விண்ணப்பத்தையும் மடித்தார். இரண்டையும் பைக்குள் வைத்தார். "கண்ணில் பட்டதை அப்படியே எழுதுகிறவள்தான் நர்ஸ். மற்ற எல்லாவற்றையும் என்னால் சொல்லிக் கொடுக்க முடியும். அதை மட்டும் முடியாது" என்றார். குரல் வருத்தமாகத்தான் இருந்தது.

"என்னங்க சொல்றாங்க?" என்று அம்மா கேட்டாள்.

"மாமாவப் பாத்ததுல ரொம்ப சந்தோஷமாம்" என்றார் அப்பா.

தாத்தா என் கையைத் தொட்டார். "நான் சொன்னத எல்லாம் சொன்னியா பாப்பா?"

"சொன்னன் தாத்தா."

சாயங்காலம் தாத்தா அந்த அம்மாவைக் கல்லறைத் தோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். மொழி மாற்றிச் சொல்ல நான் போகவில்லை. அவர்களுக்குத் தேவைப்படவும் இல்லை போலிருக்கிறது.

அப்பா அன்றிரவும் அதைப் பற்றிப் பேசவில்லை, பிறகும் பேசவில்லை. ஒரு வாரம் கழித்து எனக்கு ஒரு ஜோடி புதுச் செருப்பு வாங்கி வந்தார். நான் அதைத் தொடவில்லை. தம்பிக்கு அளவு சேராமல் அது பரணில் கிடந்து வீணானது. நான் வெளிநாடு போகாததற்கு அம்மாவிடம் "அங்க குளுரு ஒத்துக்காதாம்" என்று காரணம் சொல்லிவிட்டார். அம்மா நம்பினாள். ஊரும் நம்பியது. மறு வருஷம் ஓசூரில் ஒரு கம்பவுண்டருக்கு என்னைக் கட்டிக் கொடுத்தார்கள். நல்ல மனுஷர். ஆஸ்பத்திரி வாசனையோடு வீட்டுக்கு வருவார். அந்த வாசனைக்கு நான் முதல் இரண்டு வருஷம் அழுதிருக்கிறேன், ஏன் என்று அவருக்குத் தெரியாது.

ஐம்பதுகள் முடியும் தறுவாயில் புத்தகம் வந்தது. நான் தலைப்பிரசவத்துக்குக் கிருஷ்ணகிரி வந்திருந்தேன். தாத்தா பெயருக்குத்தான் பார்சல். உள்ளே கெட்டி அட்டை போட்ட நீலப் புத்தகம். அந்தப் பெயர் கொண்டவர்கள் எல்லோரும், எத்தனையோ தலைமுறைக்கு, கிளை கிளையாக இருந்தார்கள். ஜெர்மன் தெரியாவிட்டாலும் பெயரும் ஊரும் தெரியுமே. கடைசிப் பக்கங்களில் கிருஷ்ணகிரியைக் கண்டுபிடித்தேன். முதல் பையன் இருந்தான், ஏழு வயது, கல்லறை. அடுத்து தாத்தா. அதற்குக் கீழே அப்பா. அப்பாவுக்குக் கீழே ஒரே ஒரு பெயர், தம்பியுடையது.

அச்சில் விட்டுப்போயிருக்கும் என்று முதலில் நினைத்தேன். அந்த அம்மாவின் கோபம் என்றும் ஒரு கணம் நினைத்தேன். புத்தகத்துக்குள் ஒரு தாள் மடித்து வைத்திருந்தது. குடும்ப விவரம் கேட்டு அவர் அனுப்பி, இங்கிருந்து நிரப்பிப் போன படிவம். வேலை முடிந்ததும் நினைவுக்காகத் திருப்பி அனுப்பியிருந்தார். அப்பாவின் கையெழுத்து. பிள்ளைகள் எத்தனை பேர் என்ற இடத்தில் ஒன்று என்று எழுதியிருந்தார். என்னை நேரில் பார்த்திருந்தும் அந்த அம்மா தாளில் இருந்ததை அப்படியே அச்சிட்டுவிட்டார். தேதி போட்டிருந்தது. அந்த அம்மா வந்துபோன மறு மாதம். எனக்கு அப்போது மாப்பிள்ளைகூடப் பார்க்கவில்லை.

தாளை அப்பா முன்னால் வைத்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"கட்டிக் குடுத்தா வேற வீட்டுப் பேருதானம்மா" என்றார். பிறகு, மெதுவாக, "ஒன் பேரப் பாத்தா அந்தம்மாவுக்கு அந்த நகலு ஞாபகம் வரும். புஸ்தகத்துலருந்து நம்மளயே எடுத்துட்டா?" என்றார்.

மன்னித்துவிட்டேன் என்று இங்கே எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். நான் மன்னிக்கவில்லை. அவர் பயத்தைப் புரிந்துகொண்டேன். அந்தத் தம்ளர் கீழே வைக்கப்படுவதை நானும் பார்த்தவள்தான். புரிந்துகொள்வது வேறு, மன்னிப்பது வேறு. அவருக்குக் கடைசிக் காலத்தில் மருந்து கொடுத்தேன், உடம்பு துடைத்துவிட்டேன், ஒரு நர்ஸ் செய்கிற எல்லாவற்றையும் செய்தேன். மன்னிக்க மட்டும் இல்லை.

அன்று தாத்தா நாற்காலியை வெளிச்சத்துக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு, புத்தகத்தைப் படிக்கச் சொன்னார். கண் பார்வை மங்கியிருந்தது. அந்த எழுத்தும் அவருக்குத் தெரியாது. முதல் பையனின் வரியில் அவர் விரலை வைத்தேன். "இதுதான் அவன் தாத்தா. சின்னப் பையன். கல்லறை கிருஷ்ணகிரின்னு போட்டிருக்குது."

"வெரலப் பத்தி எழுதிருக்குதா?"

"எழுதிருக்குது." இருந்ததோ இல்லையோ, எனக்குத் தெரியாது.

"நான்?"

"இங்க, அவனுக்கு அடுத்தது."

அவர் அந்த இரண்டு வரிகளையும் கொஞ்ச நேரம் தடவிக்கொண்டிருந்தார். எழுபது வயதை நெருங்கிய அந்த மனுஷன் முகத்தில் அப்படி ஒரு நிறைவை நான் பார்த்ததில்லை. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"ஒன் பேரு எங்க பாப்பா இருக்குது?"

அப்பா கதவோரம் நின்றிருந்தார். அவருக்குக் கேட்டது. நான் பக்கத்தைப் புரட்டினேன். வேறு ஏதோ கிளை, முன்பின் தெரியாத ஜெர்மன்காரர்கள். ஒரு வரியில் தாத்தாவின் விரலை வைத்து அழுத்தினேன்.

"இங்க இருக்குது தாத்தா" என்றேன்.